சொற்றொகுதியின் கதை: காரைதீவுத் துறவியும் கல்முனைக் கரையும்

நூலொன்று கைக்கு வந்ததும் அதன் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டிப் பார்ப்பது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். முன்னுரையில் ஆசிரியர் தாம் செய்ய விரும்பியதைச் சொல்வார். பின்னிணைப்பில்தான் அவர் உண்மையில் என்ன செய்திருக்கிறார் என்பது தெரியும். அதிலும் விஞ்ஞானம், மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைசார் நூலென்றால், இறுதியில் உள்ள கலைச்சொற்றொகுதியின் நான்கைந்து பக்கங்கள் போதும். ஆசிரியர் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லை ஆண்டிருக்கிறாரா, வாசகன்மேல் அவருக்கு அக்கறை உண்டா, அச்சகம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறதா என்பவை அனைத்தும் அங்கே வெளிச்சமாகிவிடும்.

இந்தச் சொற்றொகுதிகளுக்குத் தமிழில் நீண்டதொரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயமொன்று கிழக்கிலங்கையின் கரையோரத்தில், கல்முனைக்கு அண்மையில் பிறந்த ஒருவரோடு பிணைந்திருக்கிறது. அவரைத் துறவியாகவும், யாழ் நூல் தந்த இசை ஆராய்ச்சியாளராகவும், பேராசிரியராகவும் நாம் கொண்டாடுகிறோம். கலைச்சொல்லாக்கத்தில் அவருக்கிருந்த பங்கை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த வரிகளைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

தமிழில் சொற்களைத் தொகுக்கும் மரபு மிகப் பழையது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள்வகையாகப் பிரித்து, மாணவன் மனனம் செய்யத்தக்க வகையில் யாத்தனர். ஏட்டுச் சுவடியின் காலத்தில் அதுவே சரியான முறை. நெஞ்சில் பதிந்திருக்கும் நூலைப் பக்கம் புரட்டித் தேட வேண்டியதில்லை அல்லவா?

எழுத்து வரிசையில் சொற்களை அடுக்கும் முயற்சி 1594 இல் இரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில் தொடங்குகிறது. ‘அகராதி’ என்ற சொல்லையே நமக்குத் தந்த நூல் அது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732 இல் உருவாகி, 1824 இல் சென்னையில் அச்சேறியது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரும் உள்ளூர்ப் பண்டிதர்களும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1842 இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 1862 இல் வின்சுலோ அகராதி வந்தது. அச்சு வந்த பின்னரே அகர வரிசைக்கு உண்மையான தேவை ஏற்பட்டது. அச்சிட்ட நூலில் பக்க எண் உண்டு. தேடுபவனுக்கு வழி சொல்ல வேண்டும்.

துறைசார் நூலின் சொற்றொகுதி என்பது அகராதியின் தம்பி. அகராதி மொழி முழுவதற்கும் பொறுப்பு. சொற்றொகுதி அந்த ஒரு நூலுக்கு மட்டும் பொறுப்பு. ‘இந்நூலில் இச்சொல்லை இப்பொருளில் மட்டுமே ஆள்கிறேன்’ என்று ஆசிரியர் வாசகனோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை அது.

இத்தகைய உடன்படிக்கையைத் தமிழில் முதன்முதலில் பெரிய அளவில் செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் இருந்தபடி தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். மனித உடலமைப்புப் பற்றிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், இரசாயன நூலான ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளியாயின. நூல்களை மொழிபெயர்த்ததோடு நில்லாமல், ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே வைத்த பட்டியல்களையும் அவர் ஆக்கினார். முதலில் தமிழில் தேடுவது, கிடையாவிடில் வடமொழியில் தேடுவது, அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது என்பது அவருடைய முறை. பின்வந்த எல்லாக் குழுக்களும் ஏதோ ஒரு வகையில் இந்த மூன்று படிகளைச் சுற்றியே சண்டையிட்டுக்கொண்டன.

காரைதீவு மயில்வாகனன்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் பயணித்தவர்களுக்குத் தெரியும்: தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே காற்றில் வருகிற பிரதேசம்.

அங்கே காரைதீவில் 1892 மார்ச் 27 இல் பிறந்தவர் மயில்வாகனன். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1916 இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். ஒரே ஆண்டில் இந்த இரண்டும் ஒருவருக்குக் கிட்டியதைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924 இல் சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்.

அக்காலத்தில் தமிழ் கற்றவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது; விஞ்ஞானம் கற்றவர்களுக்குத் தமிழில் எழுதத் தெரியாது. தமிழ்ப் பண்டிதர் ஒருவர் ஆய்வுகூடத்தில் குடுவையைக் கையிலெடுத்தவராகவும் இருந்தது அரிதிலும் அரிது. கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்க அவரை அழைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழகத்தில் அந்த முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. 1916 இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் விஞ்ஞானச் சொற்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, ஒரு சஞ்சிகையும் நடத்தினார்கள். 1930களில் சென்னை அரசாங்கம் வெளியிட்ட பட்டியலில் வடமொழி மிகுந்திருப்பதாகக் குறை எழுந்தது. 1934 இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், சொல்லாக்கத்தைத் தன் தலையாய பணியாக எடுத்துக்கொண்டது. இதில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை. 1936 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சொல்லாக்க மாநாடு நடைபெற்றது. தலைமை தாங்கியவர் விபுலாநந்த அடிகள். தமிழறிஞர்களும் விஞ்ஞான ஆசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, துறை துறையாகச் சொற்களை ஆராய்ந்தனர். அதன் விளைவு 1938 இல் ‘கலைச்சொற்கள்’ என்ற பெயரில் நூலாக வெளிவந்தது.

அந்நூல் சண்டையை முடித்து வைக்கவில்லை. 1940 இல் சென்னை அரசாங்கம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் மற்றொரு குழுவை நியமித்தது. வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் அக்குழு அதிக இடங்கொடுக்கிறது என்று தமிழறிஞர்கள் பலத்த எதிர்ப்புத் தெரிவித்தனர். சொற்பட்டியல் என்ற சாதுவான காரியம் தமிழகத்தில் அரசியல் மேடை வரை சென்ற கதை அது. இன்று தமிழகப் பாடநூல்களில் இயற்பியல், வேதியியல் என்று மாணவர் சர்வ சாதாரணமாக எழுதுகிறார்கள் என்றால், அந்த நிலத்தை உழுதவர்களுள் ஒருவர் காரைதீவுக்காரர்.

அஸீஸ் என்ற நண்பர்

1942 இல், இரண்டாம் உலகப் போர் உச்சத்திலிருந்த வேளையில், கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம். நாடு அரிசிக்குத் தவித்த நேரம் அது. நெல் விளைவிப்பதே அவருக்கிடப்பட்ட பணி. ஆனால் கல்முனைப் பிரதேச முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலை அவரை உறுத்தியது. அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாவதற்கு அவர் காரணரானார். 1945 இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியின் வித்து கல்முனையில்தான் ஊன்றப்பட்டது.

அக்காலத்திலேயே அஸீஸுக்கும் விபுலாநந்த அடிகளுக்கும் நெருங்கிய நட்பு ஏற்பட்டது. துறவி ஒருவரும் முஸ்லிம் நிருவாக அதிகாரி ஒருவரும் கல்வியையும் தமிழையும் பற்றிப் பேசிப் பேசி வளர்த்த நட்பு அது. பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் செனட்டராகவும் விளங்கிய அஸீஸ், ‘இலங்கையில் இஸ்லாம்’ போன்ற நூல்களைத் தமிழிலேயே எழுதினார். அறபுத்தமிழைத் தம் சமூகத்தின் அரிய சொத்தாக எடுத்துச் சொன்னவரும் அவரே.

கலைச்சொல்லாக்கத்தைப் பற்றிப் பேசும்போது முஸ்லிம்களை இங்கே குறிப்பிடுவது சம்பிரதாயத்துக்காக அன்று. குழுவும் மாநாடும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தமிழ் பேசும் முஸ்லிம்கள் இந்தப் பிரச்சினையைத் தாமாகவே எதிர்கொண்டு தீர்த்திருந்தார்கள். அறபியில் ஸலாத் என்பதைத் தொழுகை என்றார்கள். ஸவ்ம் என்பது நோன்பு ஆயிற்று. ஈத் என்பது பெருநாள் ஆயிற்று. மஸ்ஜித் என்பது பள்ளிவாசல் ஆயிற்று. இவை அனைத்தும் தமிழ் வேரில் கிளைத்த சொற்கள். அதே வேளையில் ஸகாத்தையும் கிப்லாவையும் மொழிபெயர்க்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எதைப் பெயர்ப்பது, எதை ஏற்பது என்று எந்தக் குழுவும் தீர்மானிக்கவில்லை, வழக்கே தீர்மானித்தது. அச்சொற்கள் இன்றும் உயிரோடு இருப்பது அதனாலேயே. பின்னர் முஸ்லிம் எழுத்தாளர்கள் நூல் எழுதியபோது, அறபுச் சொற்களுக்குப் பின்னிணைப்பில் அருஞ்சொல் விளக்கம் தரும் வழக்கத்தையும் கைக்கொண்டார்கள். பிற சமயத்தவரும் இந்நூலைப் படிக்கக்கூடும் என்ற எண்ணம் அதில் இருந்தது. சொற்றொகுதி என்பது விருந்தோம்பலும்கூட.

அரசகரும மொழியும் தமிழ்ச் சொற்றொகுதியும்

விபுலாநந்தர் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூலை 19 இல் மறைந்தார். சுதந்திர இலங்கையில் சுயமொழிக் கல்வி பரவத் தொடங்கியபோது அதற்கான சொற்களை ஆக்க அவர் இல்லை.

அந்தப் பணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் வந்தது. ஆயினும் அரசகரும மொழித் திணைக்களம் சிங்களத்துக்கு மட்டுமன்றித் தமிழுக்கும் சொற்றொகுதிகளை வெளியிட்டது என்பது நம் வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. 1950களிலும் 1960களிலும் இரசாயனவியல், பௌதிகவியல், தாவரவியல், கணிதம் என்று துறைக்கொரு சொற்றொகுதியாக அரசாங்க அச்சகத்திலிருந்து அவை வெளிவந்தன. பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர்களுக்கு அந்த மெலிந்த நூல்களே வேதமாயின.

இங்கேதான் கதை திரும்புகிறது. இலங்கைக் குழுக்கள் தமிழகப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தமக்கெனத் தனி நெறி வகுத்தன. விளைவைப் பாருங்கள். தமிழகத்தில் ஆக்சிஜன், இலங்கையில் ஒட்சிசன். அங்கே ஹைட்ரஜன், இங்கே ஐதரசன். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. அங்கே தனிமம்; இங்கே மூலகம். அங்கே செல், இங்கே கலம். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே துத்தநாகம், இங்கே வெறும் நாகம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. துறைகளின் பெயரில் தமிழகம் தூய தமிழை நாடியது. தனிமங்களின் பெயரை எழுதும்போது ஹ, ஜ, ஸ ஆகியவற்றைத் தாராளமாக ஏற்றது. இலங்கை அதற்கு நேர்மாறு. பௌதிகவியல், இரசாயனவியல் என்று வடமொழி வேர்ச் சொற்களை வைத்துக்கொண்டது. ஆனால் பிறமொழி ஒலிகளைத் தொல்காப்பியர் வழிநின்று தமிழ் எழுத்துக்குள் அடக்கியது. பொசுபரசு, மகனீசியம், பொற்றாசியம் என்று படித்த தலைமுறையைச் சேர்ந்த எவரும் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

கல்முனைக் கரையின் முஸ்லிம் பிள்ளைக்கோ இன்னொரு முடிச்சும் உண்டு. ஹமீத், ஜலால், ஸாஹிரா என்று கிரந்த எழுத்தோடு தன் பெயரை எழுதிப் பழகியவன், இரசாயனப் பாடத்தில் அந்த எழுத்துகளே இல்லாத ஐதரசனைச் சந்திக்கிறான். அவனுக்கு அது குழப்பமாக இருந்ததில்லை. பெயருக்கு ஒரு நெறி, பாடத்துக்கு ஒரு நெறி என்று ஏற்றுக்கொண்டுவிட்டான். குழந்தைகள் பண்டிதர்களைவிட நெகிழ்ச்சியானவர்கள்.

இலங்கை முஸ்லிம்களுக்குக் கல்விமொழியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அக்காலத்தில் இருந்தது. தெற்கிலும் மேற்கிலும் பலர் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் நாடினர். கிழக்குக் கரை முஸ்லிம்கள் தமிழிலேயே நின்றார்கள். ஒட்சிசனையும் ஆர்முடுகலையும் இன்றளவும் வாழவைத்திருப்பவர்களில் அம்பாறைக் கரையின் முஸ்லிம் ஆசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு.

அகர வரிசை என்னும் அக்கினிப் பரீட்சை

இனி, சொற்றொகுதியை அச்சிலேற்றும் வேலைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குமாஸ்தா வேலையாகத் தோன்றும். உள்ளே இறங்கினால்தான் ஆழம் தெரியும்.

ஈய எழுத்துகளின் காலத்தில் சொற்றொகுதி என்றாலே அச்சுக்கோப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு பத்தியில் தமிழ், எதிர்ப்பத்தியில் ஆங்கிலம், சிலவேளை மூன்றாவதாகச் சிங்களம். மூன்றுக்கும் வெவ்வேறு எழுத்துப் பெட்டிகள். சொற்களைக் கடதாசித் துண்டுகளில் தனித்தனியே எழுதி, அகர வரிசையில் அடுக்கி, நூலால் கட்டி அச்சகத்துக்கு அனுப்புவோம். ஒரு துண்டு தவறி விழுந்தால் ஒரு சொல் நூலிலிருந்தே மறைந்துவிடும். பக்க எண்களை இறுதி ஒப்புநோக்குக்குப் பின்னரே சேர்க்க முடியும். கடைசி நேரத்தில் நடுவில் ஒரு பந்தி கூடினால் எல்லா எண்களும் பிழைத்துப்போகும்.

கணினி வந்ததும் இவையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பினோம். இலங்கைப் பத்திரிகை அலுவலகங்களில் பாமினி எழுத்துரு கோலோச்சிய காலம் வந்தது. திரையில் தமிழ் தெரிந்தது. ஆனால் கணினியின் உள்ளே இருந்தது ஆங்கில எழுத்துகளின் குறிகள். ‘கெ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னும் தட்டச்சாகும். அகர வரிசைப்படுத்தும்படி கணினிக்குக் கட்டளையிட்டால், கெண்டையும் செவ்வாயும் நெல்லும் பெட்டியும் கொம்பின்கீழ் ஒரே கும்பலாகச் சேர்ந்து நிற்கும். கையால் அடுக்குவதே மேல் என்று பழைய துண்டுகளுக்குத் திரும்பியவர்கள் உண்டு.

யூனிகோட் வந்தபின் நிலைமை வெகுவாகச் சீர்பட்டது. ஆனாலும் ஓர் இக்கட்டு மிச்சமிருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. யூனிகோட் குறியெண்களின் வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. நாம் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று படித்தோம். யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்தை அடுத்து நிற்கிறது. ளகரமும் ழகரமும் லகரத்தைத் தொடர்கின்றன. ஆகவே அழகு, அளவு, அறம் என்று வரவேண்டிய சொற்கள், குறியெண்படி அடுக்கினால் அறம், அளவு, அழகு என்று தலைகீழாகின்றன. தமிழ் அகராதியில் புள்ளி எழுத்து முதலில் வரும். அக்கரைப்பற்றுக்குப் பின்னரே அகத்தி. குறியெண்ணிலோ புள்ளி கடைசியில் இருப்பதால் அகத்தி முந்திக்கொள்கிறது. ஔகாரத்தின் பின் நிற்க வேண்டிய ஆய்தம் அகரத்துக்கும் முன்னே போய் நிற்கிறது.

கிழக்கு முஸ்லிம் ஊர்களின் நூல்களில் மேலுமொரு சிக்கல். றஹீம், றிஸ்வான், அறபு என்று றகரம் இட்டு எழுதுவது நம் நாட்டில் நிலைபெற்ற வழக்கு. தமிழகத்தில் ரஹீம், ரிஸ்வான், அரபு. குறியெண் வரிசையில் ரகரமும் றகரமும் அருகருகே இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கண்டுபிடிக்கலாம். சரியான தமிழ் வரிசையிலோ ரகரத்துக்கும் றகரத்துக்கும் நடுவே நான்கு எழுத்துகள் நிற்கின்றன. ஒரே குடும்பத்தவரின் பெயர்கள் பெயரட்டவணையில் பல பக்கங்கள் பிரிந்து போகும். இதற்கு ஒரே பரிகாரம், ‘றஹீம் காண்க’ என்று குறுக்குக் குறிப்பு இடுவதே. அதை எந்த இயந்திரமும் தானாகச் செய்யாது.

பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு அச்சிடுவோர் பலர் லேடெக்ஸ் என்ற முறைமையைப் பயன்படுத்துகிறார்கள். டொனால்ட் கனூத் என்ற கணினி விஞ்ஞானி 1970களின் இறுதியில் ஆக்கிய டெக்ஸ் என்பதன்மேல் எழுந்தது அது. 2007 இல் நிக்கோலா டால்பொட் என்பவர் அதற்கென ஒரு சொற்றொகுதிப் பொதியை வெளியிட்டார். அதன் தத்துவம் எளியது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிட்டையும் விளக்கமும் ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். நூலின் உடலில் அச்சொல் வருமிடத்தில் சிட்டையை இட்டால் போதும். உண்மையில் ஆளப்பட்ட சொற்கள் மட்டும் இறுதியில் பட்டியலாகும். பக்க எண்கள் தாமே வந்து சேரும். பந்தி கூடினாலும் குறைந்தாலும் எண்கள் திருந்தும். சுருக்கப் பெயரொன்று முதன்முறை வரும்போது முழுப்பெயரோடும், பின்னர் சுருக்கமாகவும் அச்சாகும். கடதாசித் துண்டுகளோடு மல்லாடியவர்களுக்கு இது பேரதிசயம். ஆயினும் நெடுங்கணக்கு வரிசையை நாம்தான் விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது பணியும். கொடுக்காவிட்டால் அறம் அழகுக்கு முன்னே ஓடிவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. அத்தியாயம் ஒன்றில் அமுக்கம் என்றும், அத்தியாயம் ஐந்தில் அழுத்தம் என்றும் எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சிட்டை ஒன்றேயானால் சொல்லும் ஒன்றே. இயந்திரம் ஆசிரியரின் கையைப் பிடித்து ஒழுங்கு கற்பிக்கிறது.

2004 டிசெம்பர் 26

சொற்றொகுதியெல்லாம் பண்டிதர் விவகாரம், மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்ட விரும்புகிறேன்.

2004 டிசெம்பர் 26 காலை கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பலிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நான் மேலே அடுக்கிய அத்தனை ஊர்களும் அடிபட்டன. அன்று வரை அந்த நிகழ்வுக்குக் கரையோர மக்களிடம் ஒரு பெயர் இருக்கவில்லை. பழந்தமிழில் கடற்கோள் என்ற சொல் இருந்தது. அது இலக்கிய ஆசிரியர்களின் பேழைக்குள் பூட்டப்பட்டிருந்தது. பத்திரிகைகள் சுனாமி என்றும், ஆழிப்பேரலை என்றும், கடற்கோள் என்றும் வெவ்வேறாக எழுதின. இறுதியில் யப்பானியச் சொல்லே வென்றது.

பெயர் இருந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்குமா என்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் கடல் திடீரென உள்வாங்கினால் ஓடவேண்டும் என்ற அறிவு ஒரு சொல்லோடு சேர்ந்தே பரவும். பெயரில்லாத ஆபத்தைப் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது?

அதன் பின்னர் வந்தது காகித வெள்ளம். 2005 இல் கரையிலிருந்து வடக்கு, கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய கீற்றில் நெருக்கியடித்து வாழும் சாய்ந்தமருது, மருதமுனை மக்களுக்கு 200 மீற்றர் என்பது ஊரின் பாதி. நிவாரணம், காணி உரித்து, மீள்குடியேற்றம் பற்றிய திட்ட ஆவணங்கள் ஆங்கிலத்தில் பிறந்து அவசரத் தமிழில் வந்து சேர்ந்தன. சொற்றொகுதி எதுவும் கூடவே வரவில்லை. கையொப்பமிட வேண்டியவன் கரைவலை இழுப்பவன். அவனுக்கு அந்தத் தமிழ் ஆங்கிலத்தைவிட அந்நியமாக இருந்தது. தன் காணியின் தலைவிதியைத் தீர்மானிக்கும் சொல்லின் பொருள் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? துறைசார் ஆவணத்தின் பின்னிணைப்பில் இரண்டு பக்கங்கள் சேர்க்காததன் விலையை அங்கே கண்டோம்.

இத்தனைக்கும் அந்தக் கரையில் சொல்வளத்துக்குக் குறைவில்லை. வயலில் வட்டையும் கண்டமும் போடியாரும் சூடடிப்பும் உண்டு. கடற்கரையில் கரைவலையும் தோணியும் தண்டயலும் உண்டு. மருதமுனைத் தறியில் பாவும் ஊடும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேர ஆளும் சொற்கள் இவை. ஒவ்வொன்றும் துல்லியமான கலைச்சொல். நம் சொற்றொகுதிக் குழுக்கள் நிகண்டிலும் வடமொழியிலும் தேடினவேயன்றி, இங்கே போதியளவு தேடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

செய்ய வேண்டியவை

இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடசாலையில் தமிழில் விஞ்ஞானம் பயின்று அங்கே வரும் மாணவர் ஆங்கிலத்தில் அதைத் தொடர வேண்டியிருக்கிறது. இணையத்தில் தமிழில் தேடினால் தமிழகச் சொற்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. ஒரே பொருளுக்கு இலங்கைச் சொல், தமிழகச் சொல், ஆங்கிலச் சொல் என்று மூன்றைச் சுமக்கிறார்கள். ஒன்றை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இரண்டு தலைமுறைகள் படித்து, கற்பித்து, பரீட்சை எழுதிய சொற்கள் ஒரு சுற்றறிக்கையால் மறையமாட்டா, மறையவும் வேண்டாம்.

செய்யக்கூடியது எளியது. இலங்கையில் அச்சாகும் ஒவ்வொரு துறைசார் தமிழ் நூலின் இறுதியிலும் மூன்று பத்தியில் ஒரு சொற்றொகுதி இருக்கட்டும்: இங்கே வழங்கும் சொல், தமிழகத்தில் வழங்கும் சொல், ஆங்கிலச் சொல். தமிழகப் பதிப்பாளர்களும் அவ்வாறே செய்யட்டும். அது நெடுங்கணக்கு முறைப்படி அடுக்கப்படட்டும். உழவரும் மீனவரும் நெசவாளரும் ஆளும் சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தால், புதிதாக ஆக்குவதற்கு முன் அதற்கு முதலிடம் கிடைக்கட்டும். அரச ஆவணங்களுக்கும் திட்ட அறிக்கைகளுக்கும் இதே விதி பொருந்தட்டும்.

காரைதீவில் பிறந்தவர் சென்னையில் தலைமை வகித்து ஆக்கிய பட்டியல் ஒரு கரையில் வளர்ந்தது. அவர் ஊர்ப் பிள்ளைகள் படித்தது மற்றொரு பட்டியல். அவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே அச்சிட்டு வைப்பதற்கு இன்று மாநாடு வேண்டியதில்லை, அரசாங்கக் குழுவும் வேண்டியதில்லை. பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும், அவருக்கு நான்கு பக்கம் கூடுதலாகத் தரச் சம்மதிக்கும் ஒரு பதிப்பாளரும் போதும்.